சாகாத ஈஸ்ட்

விஷம் கொடுத்துவிட்டுப் பிழைத்தவர்களை எண்ணுவதுதான் எங்கள் தொழில். ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவர்களே, உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மாடிவீட்டுத் தீர்ப்பு

தொண்ணூறுகளில் வங்காளத்து டாக்குரியாவில் எங்கள் மாடியில் துறைமுக அதிகாரி ராமநாதன் குடியிருந்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். மூச்சுவிடும் ஆக்சிஜனே செல்லை அரிக்கிறது. அதை மோப்பம்பிடிக்க பாக்டீரியா முதல் மனிதன்வரை எல்லாவற்றிலும் புரதங்கள் உண்டு. பெராக்சைடு என்ற விஷத்தைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் செல் பிறகு பெரிய அளவையும் தாங்கும் என்றேன். துறைமுகமே தன் தோளில் நிற்பதாக நினைப்பவர் சொன்னார்: "எங்க கிளார்க் மாதிரின்னு சொல்லுங்கோ. தினம் திட்டு வாங்கினவன் மெமோவுக்கு அசையமாட்டான்."

மினாதியின் விரல்

பதவி உயர்வு நேர்காணலுக்கு ஒரு மாதம் இருந்தது. என்னுடைய புது ஈஸ்ட் வகை பெராக்சைடில் சாகவே இல்லை. பரிணாமத்தின் புதுப் பாதை என்று துறைத்தலைவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நானும் நம்பினேன். பழைய வகையைக் குளிர்காலத்தில் புது பாட்டில் பெராக்சைடில் சோதித்திருந்தேன். புது வகையை மே மாதத்தில், அதே பாட்டிலில். இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இடையில் லோட்ஷெடிங் என்ற மின்வெட்டில் பாட்டில் இருந்த குளிர்பெட்டி பாதி நாள் அணைந்தே கிடந்தது.

கண்ணாடிச் சாமான் கழுவும் மினாதி விரலைக் கீறிக்கொண்டார். என் பெராக்சைடு கரைசலில் இரண்டு சொட்டைக் கீறலின்மேல் விட்டுப் பார்த்துவிட்டு, என்னை அண்ணன் முறையில் அழைத்து வங்காளத்தில் சொன்னார்: "தாதா, ரத்தத்துல பட்டா பெராக்சைடு நுரைக்கணுமே, ஒரு நுரைகூட வரலையே. இது வெறும் தண்ணி." குளிர் போனால் பெராக்சைடு தண்ணீராகிவிடும், ஈஸ்ட் சாகாததற்கு அதுதான் காரணம் என்று அப்போதுதான் உறைத்தது.

தலைவரின் யோசனை

தலைவரிடம் ஓடினேன். அவர் டீயை முழுதாகக் குடித்து முடித்தார். உண்மையைவிட டீ சூடாக இருந்திருக்கும். "இண்டர்வியூ முடியட்டும். அதுவரைக்கும் பாட்டிலைத் தொடாதே."

சந்தேஷ்

நான் தொடவில்லை. நேர்காணலில் பழைய வரைபடத்தையே காட்டினேன். நிபுணர்கள் தலையாட்டினார்கள், பாட்டிலின் வயதை ஒருவரும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? இன்றும் தெரியவில்லை.

பதவி வந்தது. எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு கொடுத்தேன். மினாதி ஒன்றை எடுத்துக்கொண்டார். "மிஷ்டி நல்லாருக்கு தாதா. இப்பவாவது புது பாட்டில் வாங்கலாமா?"

ஆபத்தை உணர்ந்த நிமிடமே சரிசெய்யும் வேலையைத் தொடங்க, மூளையே இல்லாத பாக்டீரியா கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டது. நான் உணர்ந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.