பெரட்டில் வந்த முப்பதாயிரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் கடையில் அப்படி ஒரு வியாபாரம்!

பிரிஞ்சாங் டவுனில் நான் வைத்திருப்பது ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை. நோட்டுப் புத்தகம், பேனா, ஒரு பழைய ஃபோட்டோகாப்பி மெஷின்... இவ்வளவுதான். ஞாயிறு என்றால் ஸ்ட்ராபெரி வாங்க வருகிற கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். அவர்களில் யாருக்கும் என் கடையில் வேலை கிடையாது. ஆனால் அன்றைக்குப் பதினோரு மணிக்குள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஆறு பேரும் ஒரே தேயிலை எஸ்டேட். ஆறு பேருக்கும் ஒரே தேவை — ஐ.சி. என்கிற அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் ஒரு காப்பி, சம்பள ஸ்லிப் ஒரு காப்பி.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எஸ்டேட்டில் ஏதோ போனஸ் பாரம் நிரப்புகிறார்கள் என்று. யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கல்லாவில் சில்லறை விழும்போது மனுஷனுக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது.

ஏழாவதாக வந்தவர் சரோஜா. அதே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். அவர் மகள் ஒன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து எனக்கு வாடிக்கை. அந்த மகளுக்கு இப்போது ஈப்போவில் காலேஜ் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த நாளே போய்ப் பதிய வேண்டும்.

“அண்ணே, ஏ.டி.எம். கார்டையும் ரெண்டு பக்கம் அடிச்சுக் குடுங்க.”

கையை நிறுத்தினேன். போனஸுக்கு எதற்கு ஏ.டி.எம். கார்டு?

“போனஸ் இல்லண்ணே. லோன் பாஸ் ஆயிருச்சு! முப்பதாயிரம் வெள்ளி!” என்று கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“எப்பம்மா அப்ளை பண்ணீங்க?”

“பண்ணவே இல்லயே! அதான் அதிசயம்.”

கடிதம் நன்றாகத்தான் இருந்தது. பளபளப்பான தாள். மேலே ஒரு கழுகுப் படம். கொட்டை எழுத்தில் ‘தஹ்னியா’ — மலாயில் வாழ்த்துச் சொல்லித்தான் ஆரம்பம். விசேஷமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவராம் சரோஜா. முப்பதாயிரம் வெள்ளி தயாராக இருக்கிறதாம். இன்சூரன்ஸ், ஸ்டாம்ப் செலவு என்று ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியை மட்டும் முதலில் கட்டிவிட வேண்டுமாம். கடைசி நாள் — அன்றைக்கேதான். மாலை ஐந்து மணி.

“அந்த ஆயிரத்து ஐந்நூறு?”

“இருக்குண்ணே. இந்த மாசம் கூட்டு எனக்கு விழுந்துச்சு.” பையைத் தட்டிக் காட்டினார்.

பத்துப் பெண்கள் மாதாமாதம் ஆளுக்கு நூற்றைம்பது போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் பணம் அது. மகளின் பதிவுக்கும் ஹாஸ்டலுக்கும் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் பேங்க் மெஷினில் போட்டுவிட்டால், மறுநாள் அந்தப் பெண் எந்தக் காலேஜுக்குப் போவாள்?

சொன்னேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். கடன் கொடுக்கிறவன் நமக்குப் பணம் தருவானா, நம்மிடம் பணம் கேட்பானா? ஆபீஸ் முகவரி எங்கே? ஒரு ஹேண்ட்போன் நம்பர்தானே இருக்கிறது? கம்பெனி என்கிறான், பணம் போடச் சொல்கிற கணக்கு மட்டும் ஏன் யாரோ ஒரு தனி ஆள் பெயரில் இருக்கிறது? வட்டி எவ்வளவு என்று தாள் முழுக்க ஒரு வரியாவது உண்டா?

சரோஜா அசையவில்லை.

“சும்மா பயம் காட்டாதீங்கண்ணே. இது கண்ட லெட்டர் இல்ல. கிராணி கையால பெரட்டுல குடுத்தது!”

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது.

அந்த எஸ்டேட்டில் லயத்து வீடுகளுக்குத் தனித்தனியாகத் தபால்பெட்டி கிடையாது. எல்லாம் ஒரே பையில் ஆபீசுக்கு வரும். விடிகாலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய கையோடு, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தபாலையும் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். சம்பள உயர்வுக் கடிதம் அப்படித்தான் வந்தது. மகளுக்குக் காலேஜ் இடம் கிடைத்த கடிதமும் அப்படித்தான் வந்தது. நாற்பது பேர் முன்னால், எஸ்டேட் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிற தாள் பொய் சொல்லுமா? நீங்களும் நானும் கடிதத்தைப் பார்ப்போம். அவர்கள் கொடுத்த கையைப் பார்த்தார்கள். தப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

வாய் தோற்றுவிட்டது. மெஷின் இருக்கிறதே!

கடிதத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி இருந்தது. அதை மட்டும் கண்ணாடியில் வைத்து இருநூறு பர்சண்ட் பெரிதாக்கினேன். வந்த தாளை மறுபடி வைத்து இன்னொரு இருநூறு. எறும்பெல்லாம் எருமை ஆகிவிட்டது. சரோஜா மலாய் நன்றாகப் படிப்பார். எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தார்: கடன் ஒப்புதலுக்கு உட்பட்டது. செலுத்திய கட்டணம் திரும்பத் தரப்படாது.

“பாஸ் ஆயிருச்சுன்னு மேல போட்டுட்டு, கீழ இனிமேத்தான் பாக்கணும்ங்கறானா?” முகத்தில் முதல்முறையாக ஒரு சந்தேகம். ஆனாலும் விடவில்லை. “சின்ன எழுத்து எல்லாத்துலயும்தான் இருக்கும்லா. நேரமாச்சுண்ணே, காப்பியக் குடுங்க.” குடையை எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து கடைக்குள் நுழைந்தார் ஒருவர். யார்? சாட்சாத் கிராணி தனபாலன்!

“கிராணியாரே, நல்ல நேரத்தில் வந்தீங்க! இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“அப்புறம் சொல்றேன் சார். மொதல்ல இத ரெண்டு பக்கம் அடிங்க” என்று அவர் நீட்டியது என்ன என்கிறீர்கள்? அவருடைய ஐ.சி.

அவருக்கும் முப்பதாயிரம்!

“ஏன் ஐயா, நீங்களுமா?” என்றேன்.

“மேனேஜர் லெட்டர் வர்ற பையிலதானே சார் வந்துச்சு? ஒன்னு ரெண்டு இல்ல, கட்டா வந்துச்சு. நிர்வாகம் ஏற்பாடு பண்ணாமலா இத்தன பேருக்கு வரும்?”

கிராணியை நம்பி ஆட்கள். பையை நம்பி கிராணி. பை யாரை நம்பியதோ!

தலையில் அடித்துக்கொண்டேன். அவரோ சட்டைப்பையிலிருந்து இன்னொரு உறையை எடுத்தார். “சார், இதுல ஒரு டவுட்டு. கோயில் செயலாளருங்கற முறையில இது என் கைக்கு வந்துச்சு. இதுக்கு யாரோட ஐ.சி. வைக்கிறது?”

வாங்கிப் பார்த்தேன். அதே கழுகு. அதே வாழ்த்து. விலாசத்தில் ‘என்சிக் முனியாண்டி கோவில்’. என்சிக் என்றால் மலாயில் ‘திரு’. எஸ்டேட் எல்லையில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குக் கரண்டு பில் ‘முனியாண்டி கோவில்’ என்ற பெயரில்தான் வருகிறது. எங்கோ ஒரு கம்ப்யூட்டர் அதை ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டது. முனியாண்டி, தகப்பன் பெயர் கோவில்! மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிற வாடிக்கையாளர் என்று பாராட்டி, ஐம்பதாயிரம் வெள்ளி கொடுத்திருந்தார்கள்.

சரோஜா அதைப் பிடுங்கிப் படித்தார். இரண்டு தரம் படித்தார். அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள்...

“ஏன் ஐயா! சாமிக்குச் சம்பள ஸ்லிப்பு எவன்யா குடுத்தான்? நீங்களா?”

கிராணி திருதிருவென்று விழித்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், வழி கேட்க வந்த ஒரு டூரிஸ்ட் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். சிரித்துக்கொண்டே இருந்த சரோஜா சட்டென்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “என் புள்ள படிப்புண்ணே...” என்றார்.

நான் பெயர்களைச் சொல்ல, கிராணி உடனே போனை எடுத்து அந்த ஆறு பேரையும் கூப்பிட்டார். ஐந்து பேர் இன்னும் கட்டவில்லை. ஒருவர் மட்டும் காலையிலேயே முன்பணமாக ஐந்நூறு வெள்ளி போட்டுவிட்டார். போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். பணம் திரும்பி வருமா, தெரியாது. அவருக்கு ஐ.சி. காப்பி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

மறுநாள் பெரட்டில் தபால் கொடுக்கும் முன் கிராணி ஒரு அறிவிப்பே செய்தாராம். “நல்லா கேட்டுக்குங்க. லெட்டர் குடுக்கறது மட்டும்தான் என் வேல. உள்ள இருக்கறதுக்கு நானும் பொறுப்பு இல்ல, தொரையும் பொறுப்பு இல்ல!” அதைக் கேட்கச் சரோஜா அங்கே இல்லை. மகளோடு ஈப்போவில், பதிவு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். “ஒங்களுக்கு மட்டும் எப்படிண்ணே அவ்ளோ கரெக்டா தெரிஞ்சிச்சு?”

“பேப்பர்ல படிச்சேம்மா” என்றேன்.

பொய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் ஒரு ‘தஹ்னியா’ வந்தது. புது கலர் மெஷின் வாங்கலாம் என்று எண்ணூறு வெள்ளியைக் கொண்டுபோய்க் கட்டினேன். மறுநாளிலிருந்து அந்த நம்பர் எடுக்கவில்லை. பத்திரிகையில் பத்தி எழுதி ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் ஏமாந்தான் என்றால் நாலு பேர் சிரிப்பார்களே... வீட்டில்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே கடையில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லித் தொலைத்திருந்தால், எஸ்டேட் முழுக்கப் பரவியிருக்கும். அந்த ஐந்நூறு போயிருக்காது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எண்ணூறு போனதை நினைத்தால்கூட இவ்வளவு இல்லை.

ஆகவே, ஏமாந்தவர்களே, தயவுசெய்து சத்தமாகச் சொல்லுங்கள். இதோ, நான் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல்... என் மனைவியும் இந்தப் பத்தியை வாராவாரம் தவறாமல் படிக்கிறாள்.