பாயில் எழுதிய சொல்

1. எண்பதுகளின் தொடக்கத்தில் லேப் டெக்னீஷியன் பயிற்சி முடித்து, எங்கள் தீவிலிருந்து ஏரியைக் கடந்து, அக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனேன். ரத்தம், சளி, சிறுநீர் சோதிக்கும் வேலை.

2. ஒருநாள் காலையில் சித்தப்பாவின் படகுப் பாயில் யாரோ தாரால் "மூத்திரக்காரி" என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள்.

3. சித்தப்பா அதே பாயை விரித்துக்கொண்டு தொழிலுக்குப் போனார்.

அவரைக் கேட்டேன். "இப்பதாம்மா நம்ம முறை வந்திருக்குது. பாயை எறக்கினா பாடு போயிடும்" என்றார். ஏரியில் யார் எங்கே வலை விடுவது என்பது எங்களுக்கு முறை வைத்து வரும், அதைத்தான் பாடு என்போம். வந்த முறையை விட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். பாயைத் திருப்பிக் கட்டிப் பார்த்தார். தார் ஊறி மறுபக்கமும் தெரிந்தது. எழுத்துகள் வலமிடம் மாறியிருந்தும் ஏரி முழுக்க வாசித்தது.

அக்கரைக்குப் போகும் படகில் ஒருவன் டீ கிளாஸை என் முகத்தருகே நீட்டினான். "இதுல இன்னா இருக்குதுனு பாத்து சொல்லேன்." எல்லாரும் சிரித்தார்கள். மீன்கூடைக்காரி ஒருத்தி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசக்கூடாது. நைனா பேசினார், நான் ஆண்களுக்குப் பின்னால் நின்றேன்.

"எழுத்துதானேய்யா? உன் பொண்ணு மேல எவனாச்சும் கை வெச்சானா?" என்றார் ஊர்ப் பெரியவர்.

"தூங்க மாட்டேங்குதுண்ணே. சோறு எறங்கல."

"அதுவே டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கட்டும்" என்றது பின்வரிசைக் குரல். பெரியவரும் சிரித்தார். கூட்டம் அடுத்த பேச்சுக்குப் போனது.

மறுநாள் நைனா தானே தார் காய்ச்சி, அந்த எழுத்தின் மேல் பூசினார். வெளுத்த பாயின் நடுவே கறுப்பாய் ஒரு சதுரம். எழுத்தையாவது ஓரளவு கிட்ட வந்தால்தான் வாசிக்க முடிந்தது. சதுரம் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குத் தெரிந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காதவர்களும் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.

என் கை நடுங்கத் தொடங்கியது. மைக்ரோஸ்கோப்பில் அணுக்களை எண்ணும்போது பாதியில் எண்ணிக்கை தவறியது. ஒரு காசநோயாளியின் ஸ்லைடைக் கீழே போட்டு உடைத்தேன். டாக்டர் காரணம் கேட்டார், சொன்னேன்.

"பாயில எழுதினதுக்கா இப்படி?" என்றார்.

அந்த மாதத்தோடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

கை நடுக்கம் நிற்கவில்லை. ஆய்வகத்தில் வேறு ஆள் இருக்கிறார். எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஊரில் பலருக்குத் தெரியும்.