பத்துத் தையல் இடைவெளி

இடது கை துணியின் ஓரத்தை மடித்துப் பிடிக்கிறது. வலது கை உதடுகளுக்குப் போய் ஒரு குண்டூசியை உருவி வந்து மடிப்பில் குத்துகிறது. மறுபடி உதடு, மறுபடி மடிப்பு. பதினேழு வருடமாக அந்தக் கைகளுக்கு வேறு வழி தெரியாது. ஐந்தாறு குண்டூசிகளைக் கவ்வியிருக்கும் வாயால் "ம்" மட்டும்தான் சொல்ல முடியும். வாடிக்கையாளர்கள் அவருக்கு 'ம் டெய்லர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

வீட்டின் முன்னறைதான் கடை. மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம் வரை மகள் அவரோடுதான். உருண்டையாகப் பிறந்ததால் அவள் எல்லோருக்கும் பட்டன். இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. பசித்தாலும் "ம்", தூக்கச் சொன்னாலும் "ம்". காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிர்வீட்டுக் குழந்தை தெருவில் "அப்பா" என்று கத்தும்போதெல்லாம் அவருடைய கால் தையல் மெஷினின் மிதியில் அப்படியே நின்றுவிடும். கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்தும் நிற்கும்.

குழந்தையின் எடை பார்க்க வந்த நர்ஸ்தான் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார். பட்டன் ஒரு துண்டுத் துணியை மடித்து வைத்து, உதடுகளை இறுக மூடியபடி, அங்கிருந்து எதையோ உருவி உருவித் துணியில் குத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ஒன்றுமில்லை.

"பாருங்கண்ணே. அவ பேசாம இல்ல. உங்கள மாதிரியே பேசறா."

வேலை செய்யும்போதே செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபின் அவள் பதில் சொல்லக் கொஞ்சம் இடம் விடுங்கள், வற்புறுத்த மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனார்.

அன்றே பஞ்சு அடைத்து ஒரு சின்னத் திண்டு தைத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். குண்டூசிகள் அதற்குப் போயின. கை மட்டும் இரண்டு நாள் உதடுவரை போய் வெறுமனே திரும்பியது. என்ன பேசுவதென்று தெரியாததால் வேலையையே பேசினார். இது சட்டைக் கை, இது இன்னொரு கை, இப்போ காலர். ஒவ்வொன்றும் முடிந்து நூலை வெட்டும்போது "ஆச்சு". எவ்வளவு இடம் விடுவது என்பதற்கும் ஓர் அளவு வேண்டுமே. ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு பத்து ஓட்டுத் தையல் போட்டார். பட்டன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏங்க, கல்யாணமான இந்த அஞ்சு வருஷத்துல எங்கிட்ட இவ்வளவு பேசியிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"ம்" என்று தொடங்கியவர் திருத்திக்கொண்டு, "இல்ல" என்றார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், அப்பா சொல்லு என்று கேட்டுவிட்டார். அவள் உதடுகள் இறுகின. அன்று முழுக்க மேஜைக்கடியிலிருந்து அவள் வெளியே வரவில்லை. அப்புறம் அவர் கேட்கவேயில்லை. ஆனால் ஒவ்வொரு பத்தாவது தையலிலும் அந்த ஒரு சொல்லுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாதம், வகுப்பில் போட்டுக்கொள்ளும் தன் கோட்டை வாங்கிப் போக டீச்சர் ஒருவர் வந்தார். டெய்லர் அதன் கடைசிப் பட்டனைத் தைத்து நூலை வெட்டி "ஆச்சு" சொல்வதற்குள் மகள் வந்து கோட்டின் கையைப் பிடித்தாள். அவர் விட்டுக் கொடுத்தார். தரையைக் கூட்டிக்கொண்டு கோட்டு அவளோடு வாசலுக்குப் போனது. டீச்சர் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார். பட்டன் கொடுக்காமல் நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கையில் துணியே இல்லாமல் அவர் எண்ணினார். ஏழு. எட்டு.

அவள் உதடுகள் பிரிந்தன.

"ஆச்சு" என்று சொல்லி, கோட்டை டீச்சர் கையில் கொடுத்தாள்.