கோயில் திறக்கும் வரைக்கும்

சுண்ணாம்பில் போட்ட அந்த வட்டங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. ஊரடங்கில் மூடிக் கிடந்த மதுக்கடையை மறுநாள் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. கூட்டம் இடைவெளி விட்டு நிற்பதற்காகக் கடைக்கு முன்னால் வட்டம் போட ஆள் கேட்டார்கள். போட்டவர் என் அக்காவின் கணவர். கொத்தனார். மற்ற ஊர்களில் காலால் கோடு கிழித்துவிட்டுப் போனார்களாம். மாமாவுக்கு அப்படிச் செய்ய வராது. மண்ணில் ஓர் ஆணியை அடித்து, அதில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே சுற்றி வந்து சுண்ணாம்பைத் தூவினார். ஒவ்வொரு வட்டமும் தட்டைக் கவிழ்த்து வரைந்ததுபோல் இருந்தது. நாளைக்கு அவரே அதில் ஒன்றுக்குள் போய் நிற்பாரா மாட்டாரா என்பதுதான் அன்று எங்கள் இரண்டு வீட்டுக்கும் இருந்த ஒரே கவலை.

நான் பத்தாவது வரை படித்தவன். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் சர்வீஸ் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. மாமா பக்கத்தில் இருந்தால் அந்தக் கவலை இல்லை, என் பங்கையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், நான் தலையை நிமிர்த்தாமல் காராசேவையே பார்த்துக்கொண்டிருக்க, "மாப்ளைக்கு நாக்கு இருக்குதுங்க, நான் பார்த்திருக்கேன்" என்று சொல்லி அந்த வீட்டையே சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பில்தான் சம்பந்தம் முடிந்தது என்று இன்றைக்கும் என் மனைவி சொல்கிறாள்.

அவர் குடித்துவிட்டு யாரையும் அடித்ததில்லை, ஏசியதும் இல்லை. சாயங்காலம் சாந்துக் கரண்டியைக் கழுவி, கைகால் கழுவி, நேராகக் கடைக்குப் போவார். அப்புறம் அவர் இருக்க மாட்டார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சேருவது அவருடைய உடம்பு மட்டும். "வெளக்கு வெச்சதுக்கு அப்புறம் எனக்குப் புருசன் கெடையாதுடா" என்று அக்கா சாதாரணமாகச் சொல்லுவாள். ஊரில் பாதி வீடுகளுக்குப் பூசியவர் வீட்டின் பின்சுவர், கட்டிய நாளிலிருந்து செங்கல் தெரியத்தான் நின்றது.

ஊரடங்கு வந்ததும் கடை மூடியது. முதலில் எல்லாருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. பெண்கள் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் நடமாடினார்கள். ஆண்கள் மலையடிவாரத்தில் எங்கோ சாராய ஊறல் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் பைக்கில் போய், போலீஸிடம் அடி வாங்கித் திரும்பினார்கள். மாமா எங்கும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தார். இரண்டு மூன்று நாள் போனதும் அக்கா என்னை வரச்சொல்லிப் போன் செய்தாள். போய்ப் பார்த்தால், வெயில் உச்சியில் இருக்கும் வேளையில் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். கம்பளிக்குள் உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. அக்கா மோர் கொடுத்தாள். டம்ளர் பல்லில் மோதி டக்டக்கென்று சத்தம் வந்ததே தவிர, மோர் வாய்க்குள் போகவில்லை. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று திரும்பத் திரும்பத் துடைத்தார். சுவரில் ஒன்றும் இல்லை. ஒரு நூலிழை பிசகாமல் சுவர் எழுப்பும் கை அது.

அவரை வண்டியில் உட்காரவைத்து, என் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்பட்டேன். வழியில் போலீஸ்காரர் ஒருவர் லத்தியை நீட்டி நிறுத்தினார். எனக்கு வழக்கம்போல் வார்த்தை வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளில் கிடந்து ஆடிய மாமாவின் கையைப் பார்த்தார். "போங்க, சீக்கிரம் போங்க. காலையிலருந்து இது மாதிரி எத்தனை பேரு" என்று லத்தியை விலக்கினார். டாக்டரம்மாவும் திட்டவில்லை. "திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க" என்று சொல்லி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்தார். கையில் கிடைத்ததைக் கலந்து குடித்து எங்கெங்கோ ஆட்கள் செத்துப்போவதாக டி.வி.யில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அந்தக் கையைத் தோளில் சுமந்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

சில நாட்களில் மாமா எழுந்தார். முதலில் பசி வந்தது. களி உருண்டையைக் கேட்டு வாங்கித் தின்றார். மீதமிருந்த சிமெண்டை எடுத்துப் பின்சுவரைப் பூசத் தொடங்கினார். அக்காதான் சித்தாள். "கலவைய இவ்வளவு தண்ணியா கலக்குவியா? நாளைக்கு வேலைக்கு வராத" என்று அவர் அதட்ட, "கூலி குடுக்காத மேஸ்திரிக்கு இது போதும்" என்று அவள் முறைக்க, அந்தத் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்து மொச்சை உரித்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அக்கா சாயங்காலத்தில் என்ன செய்வாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் கடை திறக்கிற செய்தி வந்தது. மாமா வட்டங்களைப் போட்டு முடிக்கும்போது லாரி வந்து நின்றதாம். பெட்டிகளை இறக்க இறக்க உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டிருக்கின்றன. நேராக என் கடைக்கு வந்தார். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு.

"மாப்ள, வண்டிய எடு."

"எங்க மாமா?"

"கோயிலுக்கு. சத்தம் கேட்டதுக்கே கை ஆடுதுடா. நாளைக்கு வரிசையப் பார்த்தா காலு தானா போயிடும். கயிறு கட்டணும்."

எங்கள் பக்கம் முனியப்பன் கோயிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குடியை விட நினைக்கிறவர்கள் சாமி முன்னால் கெடு சொல்லி, பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஒரு மாதம், ஒரு வருடம், மகள் கல்யாணம் வரைக்கும் என்று அவரவர் தெம்புக்குத் தக்கபடி கெடு. கெடு முடிந்ததும் அதே இடத்துக்கு வந்து, அதே சாமி முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்க்க ஒருவருக்கும் தைரியம் வராது. கண்ணை உருட்டிக்கொண்டு, அரிவாளை ஓங்கியபடி நிற்கிற சாமி அது.

கோயிலுக்குப் போனால் கம்பிக் கதவில் பூட்டுத் தொங்கியது. விளக்கு வைக்க மட்டும் பூசாரிக்கு அனுமதி. மாமா கெஞ்சியதும், அவர் பின்பக்கமாக உள்ளே போய்க் கயிற்றைச் சாமியின் காலடியில் வைத்து எடுத்து வந்தார். மாமா கம்பிகளுக்கு நடுவே வலக்கையை உள்ளே நீட்டினார்.

"கெடு சொல்லு" என்றார் பூசாரி.

மாமா கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். "கோயில் தெறக்கற வரைக்கும்."

பூசாரி சிரித்துவிட்டார். "பத்து நாள்ல தெறந்துருவாங்க. அதுக்கு எதுக்குய்யா கயிறு?"

"மொதக் கூட்டம் அடங்கட்டும் சாமி. எனக்குப் பத்து நாள் போதும்."

மறுநாள் அவர் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். நான் கூட நின்றேன். விடியும்போதே வட்டங்கள் நிறைந்துவிட்டன. குடையோடு வந்தவர்கள், ஆதார் அட்டையை நெஞ்சில் அணைத்தபடி நின்றவர்கள், முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டவர்கள். யாரோ பட்டாசுகூட வெடித்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து பெண்கள் வந்து, "இப்பத்தாங்க எங்க வூட்ல ஆம்பளைங்க சோறு திங்கறாங்க, கெடுக்காதீங்க" என்று கத்தினார்கள். வரிசையில் நின்றவர்களில் ஒருவர்கூட அவர்களைத் திருப்பித் திட்டவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் மாமாவைப் பார்த்து, "ஏங்க கொத்தனாரே, வட்டம் நீங்க போட்டது, நிக்கறது மட்டும் நாங்களா?" என்றார். மாமா வலக்கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினார். "அடடா, கட்டிட்டீங்களா! யாரு மாப்பிள்ளை?" என்றார் அவர். வரிசை முழுக்கச் சிரிப்பு. மாமாவும் சிரித்தார். ஆனால் பக்கத்தில் நின்ற என் முழங்கையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார்.

பத்து நாள் போனது. கோயில் திறக்கவில்லை. நடுவில் கோர்ட்டு சொல்லிக் கடையை மூடினார்கள், பிறகு வேறு கோர்ட்டு சொல்லித் திறந்தார்கள். பஸ் ஓடியது, துணிக்கடை திறந்தது. கோயிலுக்கு மட்டும் அனுமதி இல்லை என்றே ஒவ்வொரு அறிவிப்பிலும் வந்தது. மாமா டி.வி. முன்னால் தொடையில் அடித்துக்கொள்வார். "கடையத் தெறந்துட்டாங்க, பஸ்ஸ வுட்டுட்டாங்க, சாமி மட்டும் இவங்கள என்னா பண்ணுச்சு?" ஆடி வந்தது. கெடா வெட்டு இல்லாமலேயே போனது. சின்னக் கோயில்களைத் திறந்தபோதும், வெளியூர்க் கூட்டம் வருகிற கோயில் என்று எங்கள் முனியப்பனை விட்டுவிட்டார்கள். கயிறு கட்டியவரின் நிலைமை ஊருக்கே தெரிந்து, "கொத்தனாருக்காகவாவது கோயிலத் தெறங்கய்யா" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

ஒரு நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கண்ணு, நான் ஒண்ணு பண்றேன், அது பாவமான்னு சொல்லு. தெனமும் வெளக்கேத்தி, கோயில் தெறக்கக் கூடாதுன்னு சாமிகிட்டயே வேண்டிக்கறேன்" என்றாள். அந்த வாரத்திலிருந்து நானும் அதையே வேண்டிக்கொண்டேன்.

ஆவணியில் கோயிலைத் திறந்தார்கள். அன்று காலை மாமா குளித்து வெள்ளை வேட்டி கட்டித் தயாராக நின்றார். அக்கா தட்டில் இட்லியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். வண்டியில் மாமா பேசாமல் வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் தோளைத் தட்டினார். "நிறுத்து." இறங்கினார். தூரத்தில் மணி அடித்தது. மாலையும் கையுமாக ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர் ஒரு கையால் மறு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சைட்டுல சித்தாளு காத்துட்டிருக்கும்டா. வேலைக்குப் போலாம்."

"வெள்ளை வேட்டியோடயா மாமா?"

"ஏன், சிமெண்டுக்கும் வேட்டிக்கும் பகையா?"

நான் வண்டியைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு அவர் கோயில் வழியாகப் போவதையே விட்டுவிட்டார். வேலை எந்தப் பக்கம் இருந்தாலும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போவார். பூசாரி என் கடைக்குக் காற்றுப் பிடிக்க வந்தபோது, "உங்க மாமன் கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு, வந்து அவுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். சொன்னேன். "நான் ஊர்லயே இல்லன்னு சொல்லிரு" என்றார் மாமா. அடுத்த வருடம் தொற்று மறுபடி ஏறிக் கோயிலையும் கடையையும் ஒன்றாக அடைத்தார்கள். நிம்மதியாகத் தூங்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். எங்கள் பக்கம் கடை திறந்து, சேலத்தில் திறக்காமல் இருந்த சமயத்தில் தொப்பூரைத் தாண்டி ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வழி கேட்டவர்களுக்கு அவரே கையை நீட்டி வழி சொன்னார். திட்டவில்லை. "பாவம், எவ்வளவு தூரம் வராங்க" என்றார்.

கயிறு நைந்துபோய் இழை இழையாக நின்றது. அக்கா அதன் மேலேயே தையல் நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கிவிட்டாள். புதிதாகக் கட்ட வேண்டுமானால் கோயிலுக்குப் போக வேண்டும், போனால் பழசை அவிழ்த்தாக வேண்டும். கொஞ்ச நேரம் கை வெறுமையாக இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அவர் பயப்படுகிறார் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வருடத் திருவிழாவுக்கும் எல்லோரும் போனோம். திருவிழாவுக்கு மட்டும் மாமா திருப்பம் வரைக்கும் வருவார், இந்த முறையும் அங்கேயே புளியமரத்தடியில் வண்டிகளுக்குக் காவலாக நின்றுகொண்டார். உள்ளே பூசை முடிந்ததும், யாரும் எதிர்பார்க்காமல் பூசாரி திருநீற்றுத் தட்டோடு வெளியே நடந்தார். வயதாகிவிட்டது, மெதுவாகத்தான் வந்தார். அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பின்னாலேயே போனாள். நானும் போனேன். பூசாரி எதிரே வந்து நின்றதும் மாமா வலக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, சின்னப் பையனைப்போல் தலையை மட்டும் முன்னால் நீட்டிக் குனிந்தார்.

"நெத்தியில மட்டும் வைங்க சாமி. கைகிட்ட வராதீங்க."

பூசாரி நெற்றி நிறையப் பூசிவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி நடந்தார்.