அத்தை முகம் கழுவிய நுரை

என் அத்தைக்கு நுரையைப் பார்ப்பதுதான் வேலை. சொன்னால் பள்ளியில் யாரும் நம்பமாட்டார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், முகம் கழுவும் திரவம் செய்யும் கம்பெனி ஒன்றில், கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் சரக்கை ஊற்றிக் குலுக்கி, நுரை எவ்வளவு எழும்புகிறது, எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது என்று எழுதி வைப்பார். இதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஷிப்டு, அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் ஷிப்டு. நாலாவது படித்த நான் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, அத்தை வரும்வரை சுவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அவர் வந்தால்தான் அது வீடு.

அத்தைக்கும் பேச வேறு ஆள் கிடையாது. கம்பெனியில் கொடுத்த பாட்டிலில் முகம் கழுவிக்கொண்டே என்னிடம் நுரைக் கதை சொல்வார்.

“நொர ஜாஸ்தி வந்தா அழுக்கு பூடும்னு அல்லாரும் நெனச்சிக்கினு கீறாங்க. நொர சும்மா காத்துதான். உள்ள கீற சரக்குக்கு ஒரு பக்கம் தண்ணி புடிக்கும், இன்னொரு பக்கம் எண்ண புடிக்கும். எண்ண புடிச்ச பக்கம் அழுக்கப் புடிச்சிக்கும். தண்ணி ரெண்டையும் இட்டுக்கினு பூடும்.”

“அப்போ துணி தோய்க்கிற பவுடரு?”

“அதுக்கும் அதே வேலதான். ஆனா முரட்டு ஆளு. மூஞ்சில இருக்க வேண்டிய எண்ணயையும் சேத்து வழிச்சிக்கினு பூடும், தோலு எரியும். இது சாது. நொர பொடிசா, நெருக்கமா நிக்கும் பாரு.”

பாடத்தைக்கூட நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அந்த வருஷம் திருநின்றவூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அந்த வீட்டில் மருமகளை வேலைக்கு அனுப்பும் வழக்கம் இல்லையாம். அப்பா அதைப் பெருமையாகச் சொன்னார். அத்தை பாதிச் சாப்பாட்டில் தட்டைக் கழுவ எழுந்து போனார். அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. இனி அந்தச் சுவரும் நானும்தான் என்பது மட்டும் எனக்கு உறைத்தது.

துணி பவுடர் இரண்டு கரண்டி எடுத்து, வெந்நீரில் கரைத்து, அத்தை முகம் கழுவும் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். அத்தையின் முகம் கன்றிப்போனால் வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கண்ணாடி முன் அத்தை நின்றார். நான் கதவோரம் நின்றேன். உள்ளங்கையில் தேய்த்ததும் நுரை பெரிய பெரிய குமிழாகப் பொங்கியது. அத்தையின் கை நின்றது. குமிழ்கள் உடைந்து அடங்கும்வரை அதையே பார்த்தார். கண்ணாடியில் என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி எட்டிப் பார்த்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, கண் இமைவரை வெகுநேரம் தேய்த்தார். மாட்டிக்கொள்ளவில்லை என்று மூச்சுவிட்டேன்.

வந்தவர்கள் முன்னால் காபித் தட்டோடு நின்றபோது அத்தையின் கன்னம் திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது. கண் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தார். நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

“அண்ணன் ஊட்ட உட்டு வரணுமேன்னு பொண்ணு இப்பவே அழுதுக்கினு கீது. இந்த மாதிரி பாசம் கீற பொண்ணுதான் நமக்கு வோணும்,” என்றார் அந்த அம்மாள்.

அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து கிளம்பும்போது அத்தை என் காதோடு ஒன்று சொன்னார்: “அந்த பாட்டில கீழ கொட்டிடு. நீ மூஞ்சில போட்டுக்காத, எரியும்.”

கண்டுபிடித்தும் திட்டவில்லையே என்று அன்று ஆறுதலாக இருந்தது. மறுநாள் பள்ளிவிட்டு வந்து கதவைத் திறந்தேன். பாட்டிலைக் கொட்ட மனம் வரவில்லை. அதைக் குலுக்கி, நுரை அடங்குவதைப் பார்த்து, மறுபடி குலுக்கிக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது.

வளர்ந்த பிறகுதான் புரிந்தது. நாளெல்லாம் நுரை பார்த்தவருக்கு அது உள்ளங்கையிலேயே தெரிந்திருக்கும். தெரிந்துதான் முகத்தில் போட்டுக்கொண்டார். போக விருப்பமில்லை என்று சொல்ல எங்கள் வீட்டில் அத்தைக்கும் ஆள் இல்லை. அன்று அந்தக் குளியலறையில் ஒரே வேண்டுதலோடு நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். நான் ஒருத்திதான் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன்.