இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு வை என்றேன்

போன ஐப்பசியில், ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக நடந்த நேரம், போடிமெட்டுக்கு மேலே என் தோட்டத்துச் சரிவில் ஏறும்போது நெஞ்சில் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல ஒரு பாரம். இடது கை கனத்தது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றதும் சரியாகிவிட்டது. மறுபடி ஏறினேன். மறுபடி பாரம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவர் தோட்டத்தில் மூட்டை தூக்கினேன், ஜீப்பு ஓட்டினேன், ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் என்று சேர்த்து இன்றைக்குப் பதினெட்டு ஏக்கர். கண்ணை மூடிக்கொண்டு கைக்குள் உருட்டியே ஏலக்காய்க்குத் தரம் சொல்வேன். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடக்கிற காயை எடுத்துப் பார்க்காமல் ஒரு மூட்டையும் வாங்கியதில்லை. போடிக் கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இப்பேர்ப்பட்ட எனக்கு நெஞ்சுவலி வரும் என்று எப்படி நினைப்பேன்? வாயு என்றேன். ஓமத்தண்ணீர் குடித்தேன். ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன்.

கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி பேச்சியம்மாள்தான். மாடிப்படியில் பாதியில் மூச்சு முட்டி நின்றவன், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டேன்.

"அதுல என்ன போட்டிருக்கு?" என்றாள் கீழேயிருந்து.

"இன்னைக்கு வளர்பிறைன்னு போட்டிருக்கு."

"அது போன மாசத்துத் தாளு. கெளம்புங்க மதுரைக்கு."

மதுரையில் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் படம் எடுத்தார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற மூன்று பெரிய குழாய்களிலும் அடைப்பு. இடது பக்கத்துக் குழாயில் அது பிரிகிற வாய்க்கு முன்னாலேயே அடைப்பு. எனக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வேறு. டாக்டர் வயதில் சின்னவர். ஆனால் பொறுமைசாலி. ஒரு தாளில் படம் போட்டு மூன்று வழியையும் சொன்னார்.

முதல் வழி மாத்திரை, அது எல்லோருக்கும் உண்டு. அடைப்பு ஆபத்தில்லாத இடத்தில் இருந்து, வலியும் கட்டுக்குள் இருந்தால் மாத்திரையும் பத்தியமுமே சிலருக்குப் போதும். இரண்டாவது ஸ்டென்ட். கை வழியாகவே போய், அடைப்பைப் பலூனால் விரித்து, வலைபோன்ற சின்னக் குழலை உள்ளே வைத்துவிடுவது. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்றாவது பைபாஸ். நெஞ்சைத் திறந்து, காலிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுத்த ரத்தக்குழாயை வைத்து, அடைப்பைத் தாண்டிப் புதுப்பாதை போடுவது. தேறிவர மாதக்கணக்காகும்.

"ஒங்களுக்கு ஆபரேஷன்தாங்கய்யா நல்லது. மூணுலயும் அடைப்பு, சர்க்கரையும் இருக்கு. ஸ்டென்ட் வச்சா திரும்பவும் அடைக்கிறதுக்கு வாய்ப்பு அதிகம். ரொம்ப நாளு தள்ளிப் போடாதீங்க."

நான் விடவில்லை. "என் தம்பி மாத்திரையிலயே தேவாரம் வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறான். என் சம்பந்திக்கு ஸ்டென்டு வச்சு மூணாம் நாளு கல்யாணப் பந்தியில உக்காந்தாரு. எனக்கு மட்டும் ஏன் வெட்டு?"

"அவங்க படம் வேற, ஒங்க படம் வேறங்கய்யா" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அதையே புலம்பினேன். பேச்சியம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏலக்காய மூணு சல்லடையில சலிச்சுத் தரம் பிரிக்கிற மனுசன், வியாதிய மட்டும் ஒரே சாக்குல கட்டப் பாக்குறீக."

உண்மையை எழுதுகிறேன், எனக்குப் பயம். சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. பறிப்பு முடியவில்லை, காயை உலர்த்துகிற ஸ்டோரை யார் பார்ப்பது என்றெல்லாம் வெளியே சொன்னேன். உள்ளே இருந்தது வேறு. யார் கைக்கும் கீழே கிடந்து பழக்கமில்லாதவன் நான். துணியில்லாமல், நினைவில்லாமல், நெஞ்சு திறந்து கிடக்கும் அந்த நேரத்தில் நான் யார்? பதினெட்டு ஏக்கர் எங்கே இருக்கும்? இந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் வகையறாவில் பெரிய காரியம் எதுவானாலும் மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் குலதெய்வம் நாச்சியம்மனிடம் பூக்கேட்போம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அவள் காலடியில் வைப்பார் பூசாரி. கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அதை மீறி எங்களில் யாரும் நடந்ததில்லை. அம்மனே ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டால் பேச்சியம்மாள் வாயைத் திறக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் முன்னாடியே போய்க் கருப்பையா பூசாரியைத் தனியே கூப்பிட்டேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு வையி."

அவர் என்னையே பார்த்தார். "அண்ணே, ஆத்தா முன்னாடியா?"

"இந்தக் கோயிலுக்குக் கல்மண்டபம் கட்டிக் குடுத்தவன் சொல்றேன். வையி."

தம்பி வந்தான், சம்பந்தி வந்தார். பேச்சியம்மாள் ஈரச்சேலையோடு நின்று, கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டாள். நான் தெம்பாக நின்றேன். அவள் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். என்னய்யா இது என்று கேட்கவும் வழியில்லை. கேட்டால் என் களவு வெளியே வரும். சிவப்பை வெள்ளையாக்கிவிட்டாள் தாய் என்றுதான் நினைத்தேன்.

"உத்தரவாயிருச்சு" என்றாள் பேச்சியம்மாள். அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் தடவை பார்த்தேனா, முதல் தடவை கவனித்தேனா, தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று காலை தள்ளுவண்டியில் படுத்திருந்தபோது வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, ஒன்னையவே ஏமாத்தப் பாத்த பய நான். ஒடம்பு பொழைக்கிறது ஒன் இஷ்டம். இந்தப் பயத்த மட்டும் எடுத்துக்க." வேறு எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே தள்ளினார்கள். மேலே விளக்கு. யாரோ என் கையைப் பிடித்தார்கள், யார் என்று இன்றுவரை தெரியாது. பயம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. இதைத்தான் நான் சாட்சியாகச் சொல்ல வந்தேன்.

அதற்குப் பிறகு சுகம் என்று பொய் சொல்லமாட்டேன். இருமினால் நெஞ்சு பிளப்பதுபோல் வலிக்கும். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரும வேண்டும். சம்பந்தி மூன்றாம் நாளில் பந்தியில் உட்கார்ந்தார். எனக்கு வாசல்வரை நடக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மூன்று மாதம் மலையேறவில்லை. மாத்திரையும் நிற்கவில்லை. ஆபரேஷன் செய்தாலும், ஸ்டென்ட் வைத்தாலும் மாத்திரையும் உணவுக்கட்டுப்பாடும் கூடவே வரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த மூன்று மாதமும் ஸ்டோரைப் பார்த்தது பேச்சியம்மாள். அவள் உலர்த்திய காயை எடுத்து உருட்டினேன். பச்சை மாறவில்லை. குறை கண்டுபிடிக்க ஒரு மூட்டை முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை.

பங்குனியில் பேச்சியம்மாளோடு கோயிலுக்குப் போனேன். அதற்குள் சிவப்பு வெள்ளையான அதிசயத்தை மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தேன், ஊருக்கே சொல்ல ஆசையாக இருந்தது. முதலில் பூசாரியிடம் சொன்னேன்.

அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அண்ணே, மன்னிக்கணும். நீங்க சொன்னபடி செய்யக் கை வரல. ஒண்ணுல வெள்ளையும் ஒண்ணுல செவப்பும் எப்பவும்போலத்தான் வச்சேன். எடுத்துக் குடுத்தது ஆத்தா." உள்ளே போய், அம்மன் காலடியிலிருந்து காய்ந்து சுருண்ட ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். "அன்னைக்கு மிஞ்சினது. ஒங்களுக்குச் சந்தேகம் வரும்னு எடுத்து வச்சேன். பிரிச்சுப் பாத்துக்கங்க."

எனக்குச் சந்தேகம் வராமலா இருக்கும்? என்னைக் காப்பாற்ற இரண்டிலும் வெள்ளையே வைத்திருப்பாரோ? நாரைக்கூடப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. திட்டுவாள் என்று பார்த்தேன்.

"பிரிச்சுத்தான் பாருங்களேன்" என்றாள். "கையை விட்டுப் பாக்காம நீங்க எதைத்தான் நம்புனீக?"

நாரை விட்டுவிட்டேன்.

நாச்சியம்மன் பிள்ளைகளே, படிப்பில்லாதவன் சொல்கிறேன் என்று தள்ளாதீர்கள். மாத்திரையா, ஸ்டென்டா, ஆபரேஷனா என்பதைப் படம் பார்த்த டாக்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சை வைத்து உங்கள் நெஞ்சுக்குத் தரம் பிரிக்காதீர்கள். டாக்டர் சொன்ன பிறகும் பயம் பிடித்து உட்கார்ந்திருக்கிறீர்கள் அல்லவா, அங்கே அவளைக் கூப்பிடுங்கள். வருவாள். எனக்கே வந்தாள்.

அந்தப் பொட்டலம் எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்குக் கீழே, நார் அவிழ்க்காமல் அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷத்தில், உள்ளே கையை விட்டுப் பார்க்காமல் நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே சரக்கு அதுதான்.