மேலே ஒரு படி

கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவள் அவள். கணவன் வைத்த பெயர் 'சந்தேகம்'. மருத்துவமனைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. ஆனால் சகலத்துக்கும் பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் துணிந்துவிடுவார்கள்.

அன்று காலை தன் கோப்புறைக்குள் இருந்த 'ஸ்கேன்' என்பதற்குள் நுழைந்து வேலை பார்த்தாள். அது வெறும் இணைப்பு. பெயர் இங்கே, உடம்பு வேறொரு வட்டில். 'மேலே ஒரு படி போ' என்றால் திரை சமர்த்தாக அவள் கோப்புறைக்கே கூட்டி வரும். வந்த வழி அதற்கு ஞாபகம். தன் கோப்புறையில் வேண்டாத 'பழசு' ஒன்று கிடந்தது. அந்தத் தைரியத்தில் உள்ளே இருந்தபடியே, 'மேலே ஒரு படியில் உள்ள "பழசு"வை அழி' என்று தட்டினாள். அழிக்கும் கட்டளைக்கு வந்த வழியெல்லாம் தெரியாது. உடம்பு இருந்த இடத்திலிருந்து ஏறியது. அங்கேயும் ஒரு 'பழசு': நோயாளிகளின் பழைய படங்கள்.

ஃபோன் அடித்தது. அறுவை டாக்டர்.

"மேடம், பழைய ஸ்கேன் எதுவும் தெறக்கல. அதைப் பாக்காம நான் கத்தி வைக்க மாட்டேன். பேஷண்ட் மேசையில இருக்காரு."

"இதோ, ஒரு நிமிஷம் டாக்டர்."

காப்பு நகலை மீட்கச் சாயங்காலம் ஆகும்.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றார் பக்கத்து மேசை நெட்வொர்க்காரர்.

"பழைய படத்தையெல்லாம் அழிச்சுட்டேண்ணே."

"எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"தட்டினதும் முடிஞ்சிது."

"அம்மாம் பெரிய குவியல் அதுக்குள்ள அழியுமா?"

வட்டைப் பார்த்தாள். ஒரு படமும் குறையவில்லை. அழிந்த 'பழசு'வும் ஓர் இணைப்புதான். இடம் போதாமல் படங்களைப் பெரிய வட்டுக்கு மாற்றியபோது, அவளுக்கு முன் வேலை பார்த்தவர் போட்டுவைத்தது; எங்கே பார்த்தாலும் இணைப்புப் போட்டு 'முடிச்சு' என்று பெயர் வாங்கியவர். கட்டளை இணைப்பை மட்டும் அறுத்திருந்தது.

அறுந்த இணைப்பை மறுபடி கட்டினாள். திறக்கவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து வழி எழுதியிருந்தாள். இணைப்போ தான் இருக்கும் இடத்திலிருந்துதான் வழியை எண்ணும். இம்முறை வேரிலிருந்து முழு முகவரியும் கொடுத்தாள்.

"ம், வந்துடுச்சு," என்றார் டாக்டர் ஃபோனில்.

"முடிச்சுக்கு நன்றி சொல்லும்மா. தினம் திட்டுறியே," என்றார் நெட்வொர்க்காரர்.

"அவரு போட்ட 'ஸ்கேன்' முடிச்சுலதானேண்ணே தடுக்கி விழுந்தேன்?"

"அவரு போட்ட முடிச்சுலதானே தொங்கித் தப்பிச்ச?"

"ரெண்டுக்கும் சேத்துப் பேசிக்கறேன். மொதல்ல வீட்டுக்கு ஃபோன் போடணும். காலையில கதவப் பூட்டினேனான்னு தெரியல."